முந்நூறைப் பிடித்து நிறுத்திய செசிலியா

சனிக்கிழமை காலை பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செசிலியாவின் கணவர் அழைத்தார். "செசிலியா விடியப்புறம் எங்களை விட்டுப் போட்டா" என்று மட்டும் சொன்னார். காய்களை அப்படியே வைத்துவிட்டு, காருக்குள் வந்து அழுதேன்.

உங்களில் பலருக்கு அவரை மன்னார்க்காரியாக, கோயில் பாடகர் குழுவில் யாராவது சுருதி தப்பினால் திரும்பி முறைப்பவராகத் தெரியும். நான் பதினொரு வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன். நோயாளிகளுக்கு இரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் பம்புகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது எங்கள் வேலை. அந்த முறைப்பு அங்கேயும் இருந்தது.

பெரிய எண்கள் கொள்ளும் இடத்திலிருந்து ஓர் எண்ணைச் சிறிய இடத்துக்கு மாற்றினால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் எச்சரிக்கும். 'தெரிந்துதான் மாற்றுகிறேன்' என்று அதற்குச் சொல்லிவிடலாம், உடனே அடங்கிவிடும். அதைத்தான் காஸ்ட் என்போம். ஒரு புதிய நிரல் வெளியீட்டுக்கு முதல்நாள் நாற்பது எச்சரிக்கைகளை நான் ஒரே மூச்சில் அப்படி அடக்கினேன். மகளின் பிறந்தநாள், எனக்கு அவசரம்.

என் நிரலைச் சரிபார்த்த செசிலியா ஒப்புதல் தர மறுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனையெல்லாம் தேறிவிட்டதே, உங்களுக்கு என்ன பொறாமையா என்றுகூடக் கேட்டேன். அவர் பம்பை மேசையில் வைத்து, மணிக்கு முந்நூறு மில்லிலிட்டர் என்று அமைத்தார். திரை முந்நூறு என்றது. ஒரு மணி நேரத்தில் அளவுக் குவளையில் விழுந்ததோ நாற்பத்துநான்கு. இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாத இடத்தில் நான் முந்நூறைத் திணித்திருந்தேன்; இருநூற்றைம்பத்தாறு கழிந்து மிச்சம்தான் உள்ளே நின்றது. எந்த அலாரமும் அடிக்கவில்லை.

"கம்பைலர் உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் பதில் சொல்லேல்லை, அதின்ர வாயைப் பொத்தினீங்கள்" என்றார். அவ்வளவுதான் திட்டு. மேலாளரிடம் என் பெயரை எடுக்கவேயில்லை. தனக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்த இரண்டு வாரத்தில் நிரலுக்குள் ஃபங்ஷன் என்கிற ஒரு சிறு துண்டை எழுதினார். எண் அடங்குமா என்று அது முதலில் பார்க்கும். அடங்காவிட்டால் அந்த அளவை ஏற்காமல் அலாரம் அடிக்கும். அதோடு ஒரு வழக்கமும் வைத்தார். ஒவ்வொரு காஸ்டுக்கும் பக்கத்தில், அது ஏன் அடங்கும் என்ற காரணமும் எழுதியவர் பெயரும் இருக்கவேண்டும். என் நாற்பதில் மூன்றுக்கு என்னால் காரணம் எழுத முடியவில்லை. வெட்கத்தில் அன்று நான் சாப்பிடப் போகவில்லை. அவர் தன் இடியப்பத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பம்ப்.

"இதில உங்கட காஸ்டும் இருக்கோ?" என்று கேட்டார்.

ஓம், இருக்கு என்றேன்.

"அப்ப நான் கொஞ்சம் நித்திரை கொள்ளுறன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய அந்த நித்திரைதான் என்னிடம் இருக்கிறது. காரணம் எழுத வராத காஸ்டை அழித்துவிட்டுத்தான் இப்போது வீட்டுக்குப் போகிறேன்.