முழந்தாளுக்கு ஏற்ற வகுப்பு

நிலத்தில் இருந்து எழும்புவதற்கும் இந்த ஊரில் வகுப்பு வைத்துப் படிப்பிக்கிறார்கள். ரொறன்ரோவில் எங்கள் தொடர்மாடிக்கு அருகே ஒரு பொது மண்டபம் உண்டு. கண்ணாடிக்கு உள்ளே என் வயதுப் பெண்கள் பாய் விரித்து, இருந்து, எழும்பிக்கொண்டிருப்பார்கள். யோகாவாம். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் குந்தியிருந்து மீன் வெட்டி விற்ற எனக்கு அது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு என் முழங்காலும் மடங்க மறுத்தது.

எனக்கு முழங்கால் தேவைப்பட்டது நடக்க அல்ல. முன்பு ஒரு புயலில் அண்ணையின் வள்ளம் கரைக்கு வரவில்லை. அவர் உயிரோடு வந்தால் கோயில் வாசலில் இருந்து பீடம்வரை முழந்தாளில் வருவேன் என்று மாதாவுக்கு நேர்ந்தேன். அண்ணை வந்துவிட்டார். நேர்த்தியைத் தீர்க்குமுன் சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், பிறகு மகன் என்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்டான். அண்ணை இன்றும் குருநகரில்தான். ரெலிபோனில் கேட்பார்:

"என்னடி, நான் செத்தாப் பிறகோ நேர்த்தியைத் தீர்க்கப்போறாய்?"

"மாதா உங்களை இப்ப கூப்பிடமாட்டா. அங்கையும் வந்து சுருட்டுக் கேப்பியள் எண்டு அவவுக்குத் தெரியும்."

சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். ஆனால் அவருக்கும் வயது போகிறது. அடுத்த கோயில் பெருநாளுக்கு எப்படியும் ஊருக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

மண்டபத்திலோ பல வகை வகுப்புகள். ஒன்றில் நிற்காமல் குனிந்து நிமிரவேண்டும். இன்னொன்றில் அறையையே சூடாக்கி வைத்திருப்பார்கள், எங்களூர்ச் சித்திரை வெயிலைக் கதவு பூட்டி அடைத்ததுபோல. வேறொன்றில் ஒரே நிலையில் நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டும். கடைசி வகுப்பு கதிரையில் இருந்து செய்வது. அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் என்ன நோயாளியா? முதலாவதிலேயே சேர்ந்தேன். படிப்பிக்கிற லிண்டா, நான் இலங்கை என்றதும் கை கூப்பி, யோகா பிறந்த பக்கத்து ஆள் என்று முன்வரிசையில் விட்டாள். நான் கிறிஸ்தவ வேதக்காரி, யோகாவை அந்தக் கண்ணாடிக்குள்தான் முதன்முதல் கண்டேன் என்று சொல்ல இங்கிலிசும் போதவில்லை, மனமும் வரவில்லை. வகுப்பு முடிய முழங்கால் பனங்காய்போல வீங்கிவிட்டது.

அடுத்த கிழமை நொண்டிக்கொண்டு போனேன். முழங்காலால் என்ன செய்ய விருப்பம் என்று லிண்டா கேட்டாள். "வோக். சேர்ச்," என்றேன். சேர்ச்சுக்கு நடந்து போகிறாயா, அருமை என்று கை தட்டினாள். அவளுக்கு விளங்கவில்லை. பாயில் முழந்தாளிட்டுக் கொஞ்சம் நகர்ந்து காட்டினேன். நான் விழுந்துவிட்டேன் என்று அறை முழுக்க ஓடிவந்தது. ஒருத்தி கமக்கட்டில் பிடித்துத் தூக்க, இன்னொருத்தி தண்ணீர்ப் போத்தலை வாயில் வைக்க, நான் "நோ, நோ" என்று இருமிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் நின்ற பிலிப்பைன்ஸ்காரி தெரேசா மட்டும் அசையாமல் பார்த்துவிட்டு, "ப்ராமிஸ்? காட்?" என்றாள். அவர்கள் ஊரிலும் கோயிலுக்குள் இப்படிப் போவார்களாம். அவள்தான் லிண்டாவுக்கு விளங்கப்படுத்தினாள்.

லிண்டா சிரிக்கவில்லை. என் காலை மெல்ல மடித்துப் பார்த்தாள். தசை இழுபடலாம், மூட்டுக்குள் குத்தக்கூடாது, குத்தினால் அந்த வகுப்பு உனக்கானதல்ல என்று கையாலும் வாயாலும் சொன்னாள். கதிரை வகுப்புக்குப் போனேன். முதலில் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது மட்டும். தொடையில் பலம் ஏறிய பிறகுதான் மடித்த கம்பளியில் முழந்தாளிட விட்டாள். ஒவ்வொரு அசைவுக்கும் மூச்சை எண்ணவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் வயதுப் பெண்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடிக்கு வெளியே நின்று வகுப்பைத் தெரிவு செய்யாதீர்கள். எந்த மூட்டு நோகிறது, எதற்காகப் பழகுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். வெட்கம் முழங்காலைச் சுகமாக்காது.

பெருநாளுக்கு முதல்நாள் குருநகர்க் கோயில் வாசலில் முழந்தாளிட்டேன். அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஏலாட்டி விடடி. மாதா கோவிக்கமாட்டா."

"நேர்ந்தது நான். நீங்கள் பேசாமல் வாங்கோ."

பின்னால் ஒருத்தி, "உவ கனடாக்காரியெல்லே, உவவுக்கு உது ஏலுமே?" என்றாள். திரும்பவில்லை. நடுக்கோயிலில் தொடை இழுபட்டது. மூட்டுக்குள் குத்தவில்லை. வாய் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு மட்டும் உள்ளே வண், ரூ, த்றீ என்று இங்கிலிசில் எண்ணிக்கொண்டிருந்தது. பீடம்வரை இரண்டும் கூடவே வந்தன.