டீசலை அடைத்தும் நிற்காத என்ஜின்

எங்கள் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் பாகங்கள் எடுக்க, மேலூர் காயலான் கடையில் பழைய டீசல் என்ஜின் வாங்கினோம். "பிரிக்கிறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாப்போம்" என்றார் கணவர், அதைப் பம்புசெட் அறையில் இறக்கியதும். நான்தான் அளவு பார்க்காமல் ஆயிலை நிறைய ஊற்றிவிட்டேன்.

ஓடத் தொடங்கியதும் வேகம் ஏறிக்கொண்டே போனது. கணவர் டீசலை அடைத்தார். நிற்கவில்லை. என்ஜின் தரையில் குதித்தது. புகையில் அவரையே காணோம். "வெளிய வாங்க!" என்று அலறினேன்.

பக்கத்துத் தோட்டத்து மெக்கானிக் வரப்பில் ஓடிவந்தபடியே, "அக்கா, அது ஆயிலக் குடிச்சு ஓடுது! காத்து உள்ள போற வாயில பலகைய வச்சு அமுக்குங்க!" என்று கத்தினார்.

கிடைத்த பலகையோடு உள்ளே ஓடி, அந்த வாயில் வைத்து அழுத்தினேன். என்ஜின் இருமி இருமி அடங்கியது. கணவர் முகத்துக் கரியைத் துடைத்தபடி சுவரோரமிருந்து வந்தார்.

இப்போதெல்லாம் "ஒருக்கா ஓட்டிப் பாக்கவா?" என்று அவர் கேட்டால், "நேரா பிரிச்சிடுங்க" என்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.