ஃபாரின்காரரும் விழாத காசும்

பத்தொன்பது வருடமாக வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருந்ததால் அந்த லிப்ட் மெக்கானிக்குக்கு 'ஃபாரின்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டை ஒரு தடவை புதுப்பித்தும் பார்த்தார். பழையதிலும் ஒரு முத்திரை இல்லை, புதியதிலும் இல்லை. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினார். அது கட்டிலுக்கு அடியில் போர்வைகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. போகப்போகும் நாட்டைப் பற்றி அவர் விட்ட கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இருபது மாடி எழும்பும். அதில் ஏறி இறங்க ஒரு லிப்ட் வேண்டும். அதைப் பழுது பார்க்கவும் அவரையேதான் கூப்பிட வேண்டும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் பதில் கையிருப்பில் இருக்கும். முதல் ஏழு வருடம், "அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி?" அடுத்த எட்டு வருடம், "பொண்ணு படிப்பு கெட்டுடும்." மிச்ச நாலு வருடம், "அவ வேலைய விடமாட்டா." அவ என்றால் மனைவி, பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர். இந்த மூன்று பேரில் ஒருவரிடமும் அவர் ஒருநாள்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவார்களே!

இப்படிச் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், நாற்பத்தாறாவது வயதில், ஒரு திங்கட்கிழமை, வேலை நிஜமாகவே கிடைத்துத் தொலைத்தது.

வருடா வருடம் விண்ணப்பம் போடுவது அவருக்குப் பழக்கம். பதில் வராது என்ற தைரியத்தில்தான் போடுவார். இந்த முறை தென்கிழக்கு ஆசியாவில், கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன நகரத்து லிப்ட் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் அம்மாள் செல்போன் திரையில் வந்துவிட்டார். அவருக்கும் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. இவருக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு தடுமாற்றமும் நன்றாகவே ஒத்துப்போயின.

வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு மேனேஜர் சொன்னார்: "எங்கள் நகரம் ரொம்ப அமைதி. ஆறு மணிக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் அமைதி தாங்காமல் ஓடிவிட்டார்கள். உங்களால் முடியுமா?"

"அமைதியென்றால் எனக்கு உயிர், மேடம்!" என்று அடித்துவிட்டார் ஃபாரின். பின்னால் குக்கர் விசிலடித்தது. தெருவில் ஒரு லாரி ஹாரன் அலறியது. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ வாய்விட்டு அழுதார்கள்.

மேனேஜர் காதைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு வருட ஒப்பந்தம். ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயதுக்குமேல் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

"வேலை கெடச்சிடுச்சு," என்றார் ஃபாரின் சமையலறை வாசலில் நின்று, துக்கச் செய்தி சொல்கிறவர் குரலில்.

"எந்தக் கட்டடத்துல?" என்றார் மனைவி.

"ஃபாரின்ல."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவா? அப்ப போர்வையெல்லாம் எங்கங்க வைக்கறது?"

"விளையாடாதம்மா. நீ வேலைய விடமாட்டியேன்னுதான் யோசிக்கறேன்."

"யாரு சொன்னா? பத்து வருசமா பல்வலிக்காரங்க முனகறதக் கேட்டு எனக்கே பல்லு கூசுது. நீங்க முன்னால போங்க. ஆறு மாசம் நான் நிம்மதியா இருந்துட்டு அப்புறம் வரேன்." கரண்டியை அவர் பக்கம் நீட்டினார். "ஆனா ஒண்ணு. என் பேரச் சொல்லிப் போகவும் கூடாது, என் பேரச் சொல்லி இங்க இருக்கவும் கூடாது. இந்த ஒரு தடவ உங்க சொந்தப் பேர்ல முடிவெடுங்க."

இதைவிடக் கொடுமையாக ஒரு மனைவி புருஷனிடம் நடந்துகொள்ள முடியுமா?

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். அம்மா அங்கேதான் இரண்டு வருடமாக இருக்கிறார். "உன்னத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது?" என்று குரலைத் தழுதழுக்க வைத்துக் கேட்டார்.

"நான் எங்கடா தனியா இருக்கேன்?" என்றார் அம்மா. "இங்க வீடு பூரா ஆளு. நீ வந்தா உட்கார நாற்காலிகூட இல்ல, பாரு, நின்னுட்டிருக்க. போயிட்டு வாடா."

பேருந்து நிறுத்தத்தில் நின்று, வேறொரு நகரத்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார். "உன் படிப்பு கெட்டுடுமோன்னுதான்..."

"என் படிப்பா? அது முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சேப்பா! பட்டம் வாங்கறப்ப முன்வரிசைல உட்கார்ந்து தூங்கினது நீங்கதான?"

ஆக மூன்று தூண்களும் ஒரே நாளில் சரிந்தன. மனைவியிடம் வந்து, "பத்தொம்பது வருசமா உங்க மூணு பேரு முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு நகர்ந்துட்டீங்க. இப்ப இந்தத் தொந்தி நல்லா வெளிய தெரியுது," என்றார்.

புதன்கிழமை புதிய சாக்கு ஒன்று உதித்தது. தன்னால் அமைதியைத் தாங்க முடியுமா என்று சோதித்துவிட்டால்? அரை நாள் விடுப்புப் போட்டார். டிவியை அணைத்தார், மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நிமிடம் கம்பீரமாகப் போனது. மூன்றாவது நிமிடத்தில் அவர் முழங்கால் கிறீச்சிடுவது அவருக்கே கேட்டது. எண்ணெய் போடாத கப்பி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். நாலாவது நிமிடத்தில் வேர்த்துக் கொட்ட, ஜன்னலைத் திறந்து தெருவில் போகிறவரிடம் மணி கேட்டார். ஃபாரின் கையிலேயே கடிகாரம் இருந்தது.

"முடியாதுன்னு எழுதிடலாமா?" என்றார் சாயங்காலம்.

"மின்விசிறிய நிறுத்தினா யாருக்குத்தான் வேர்க்காது?" என்றார் மனைவி. "அங்க விசிறி உண்டுங்க."

வியாழக்கிழமை காலையில் அவருக்குக் கடைசி வழி தோன்றியது. லிப்ட் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. வேலை முடிந்ததும் லிப்ட் பெட்டியின் தரையில் ஒரு காசை விளிம்பில் நிற்கவைத்து, கீழ்த்தளத்திலிருந்து உச்சிவரை ஓட்டுவார்கள். காசு விழாவிட்டால் லிப்ட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். நின்றால் போவது, விழுந்தால் இருப்பது.

நேர்மையான மனுஷன் எந்த லிப்டில் வேண்டுமானாலும் காசை வைப்பான். ஃபாரின் தன் பொறுப்பிலிருந்த நாற்பத்திரண்டு லிப்டுகளிலேயே படு மோசமானதைத் தேர்ந்தெடுத்தார். ஆறு மாடிப் பழைய கட்டடம்; அதன் லிப்டுக்கு 'ஆட்டக்காரி' என்று பெயர். இரண்டாம் மாடி தாண்டியதும் அது ஆடுகிற ஆட்டத்தில் காசு என்ன, கடப்பாரையை நட்டாலும் நிற்காது. லிப்ட் பெட்டியை அது ஏறி இறங்கும் தண்டவாளத்தோடு பிடித்திருக்கும் கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. கட்டட முதலாளி பல வருடம் இழுத்தடித்து, இப்போதுதான் புதுக் கட்டைகள் வந்து கீழ் அறையில் கிடந்தன. அடுத்த வாரம்தான் மாற்றுவதாக இருந்தது.

காசை வைப்பதற்குமுன் சும்மா ஒருமுறை ஏறி வந்தார். கடகடவென்று ஒரு சத்தம். அவருக்குப் பல்லுக்குள் குடைந்தது. என்ன இடைவெளி என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று, 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டிவிட்டு, முக்கோணச் சாவியால் மேல்மாடிக் கதவைத் திறந்து, பெட்டியின் தலைமேல் இறங்கினார். அங்கே ஹாரன் இல்லை, டிவி இல்லை. கயிற்றின் மெல்லிய முனகலும் அவருடைய மூச்சும்தான். தேய்ந்த கட்டை எது, எந்தப் பக்கம் எவ்வளவு என்று அந்த இடத்தில் காது தானாகவே சொல்லும்.

கை தானாகவே புதுக் கட்டைகளை எடுத்துவந்து மாட்டி முடித்தது. இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை. கீழே வந்து கையைத் துடைத்தார். வழக்கம்போலப் பையிலிருந்து காசை எடுத்துத் தரையில் நிறுத்தினார். ஆறாவது பொத்தானை அழுத்தினார். பெட்டி கிளம்பிய பிறகுதான் எதற்காக வந்தோம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"அட அறிவுகெட்டவனே!" என்றார் லிப்டுக்குள் மண்டியிட்டு.

காசு நின்றது. ஒன்று, இரண்டு. மூன்றில் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அந்த மாடியில் இருக்கிறார். ஃபாரின் என்று பெயர் வைத்த புண்ணியவதியே அவர்தான்.

"என்ன தம்பி, கீழ ஏதாவது விழுந்துடுச்சா?"

"விழணும்னுதான் டீச்சர் பாத்துட்டிருக்கேன்."

டீச்சர் காலெடுத்து வைத்து உள்ளே ஏறினார். பெட்டி லேசாக அமிழ்ந்தது. காசு ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபடி நிமிர்ந்தது. ஃபாரின் பார்த்தால், தன் இரண்டு உள்ளங்கையும் காசுக்கு அணைவாகக் குவிந்து நிற்கின்றன, லிப்ட் விசிறிக் காற்று படாதபடி. யார் அவற்றை அங்கே வைக்கச் சொன்னது?

ஆறாம் மாடி வந்தது. காசு நின்றுகொண்டிருந்தது. டீச்சர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"பதினஞ்சு வருசமா ஆடின லிப்ட இன்னிக்குன்னு பாத்தா சரி பண்ணுவீங்க?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது டீச்சர். பொய் சொல்றதுல வாய்க்கு இருக்கற சாமர்த்தியம் கைக்கு இல்ல."

"சரி, போறதுன்னு ஆயிடுச்சு. இனிமே உங்கள ஃபாரின்னு கூப்பிட முடியாதே. திரும்பி வந்ததும் லோக்கல்னு வெச்சிடறேன்," என்றார் டீச்சர். பிறகு கீழ்த்தளத்துக்குப் போகக் கிளம்பிய அவர், பூ மாதிரி போகிறதே என்று மேலும் கீழுமாக இரண்டு தடவை போய்வந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மேனேஜர் அம்மாளைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றார் ஃபாரின். இதைச் சொல்ல ஐந்து நாளா என்று அவர் கேட்டார்.

"சாக்கு தேடிக்கொண்டிருந்தேன், மேடம். ஸ்டாக் தீர்ந்துவிட்டது."

அந்த அமைதியான நகரத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சத்தமான ஊராக இருக்கும்போலிருக்கிறதே என்று ஃபாரின் கொஞ்சம் தெம்படைந்தார்.

மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது போர்வைகள் கட்டிலின்மேல் குவிந்திருந்தன. பெட்டி கூடத்தின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. பத்தொன்பது வருடம் தரையையே தொடாத சக்கரங்கள் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தன. ஃபாரின் எண்ணெய்க் குப்பியோடு தரையில் படுத்து, ஒரு சக்கரத்தைச் சுழற்றி அதன்மேல் காதை வைத்திருந்தார்.

"என்னங்க, கெளம்பியாச்சா?"

"உஸ்ஸ்," என்றார் அவர். "சத்தம் போடாத. வலப்பக்கம் ஒண்ணு முனகுது."