நெருப்பெரிச்சலில் ரிஜெக்ட் ஆன எங்கள் பனியன்

மாணவர்களைத் திருப்பூர் கம்பெனிகளில் உட்கார வைத்து வடிவமைப்பு செய்ய விரும்பும் ஆசிரியர்கள் இரண்டு பேர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். இந்த 2007 ஜூலையில் நான் போய் வந்ததைச் சொல்கிறேன். படித்த பிறகும் போகத் தோன்றினால் போங்கள்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்பு கற்பிக்கிறேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நாற்பது தையல் மெஷின் வைத்திருக்கும் பழனிச்சாமியோடு எங்கள் கல்லூரி ஒப்பந்தம் போட்டிருந்தது. பையர் என்று இங்கே சொல்லும், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் அனுப்பும் சாம்பிளைப் பார்த்து இருபது வருடமாகத் தைத்துக் கொடுப்பவர் அவர். சொந்தப் பெயரில் ஒரே ஒரு சரக்காவது விற்கவேண்டும் என்பது அவர் ஆசை. என் மாணவி புவனா ஆறு மாதம் அங்கே இருந்து ஒரு பனியன் செய்தாள். டிரிப்ஸ் ஏறும் நோயாளிக்கு ஊசியைக் கழற்றாமலே மாட்டிவிடலாம். தோளிலிருந்து இடுப்புவரை பட்டன். கோவையில் மூன்று ஆஸ்பத்திரிகள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. விற்பனைக்குத் துணி வெட்டும் முதல் கட்டிங்கைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

காந்திபுரத்தில் காலை 7.10-க்கு பஸ். அவிநாசி வழியாக ஐம்பது கிலோமீட்டர், 18 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. 80 கேட்டவர் 70-க்கு இறங்கி வந்தார். பாலத்தில் போகும்போது கீழே நொய்யல் ஆறு சாயக் கழிவில் கருநீலமாக ஓடியது.

"இன்னைக்கு நேவி புளூ ஆர்டராட்ட இருக்குதுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

சிரித்தேன். அன்று முழுக்க நான் சிரித்தது அதோடு சரி.

பழனிச்சாமி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க சார், சாப்டீங்களா? நம்ம பனியன் பையருக்கே புடிச்சுப்போச்சுங்க! பேப்பர் அனுப்பியிருக்கறாரு, பாருங்க."

பார்த்தேன். அளவுகளோடு வரைந்திருந்தது அச்சு அசலாகப் புவனாவின் பனியன். இந்த வடிவமைப்பு பையருடையது, வேறு யாருக்கும் தைக்கவோ விற்கவோ கூடாது என்று அடியில் நான்கு வரி ஆங்கிலம்.

"இதை எதுக்குங்க அவருக்கு அனுப்புனீங்க?"

"அப்ரூவலுக்குத்தானுங்க. அப்ரூவல் வராம எப்படிங்க துணியில கத்திரி வெக்கிறது?"

கள்ளமே இல்லாத கேள்வி. பையர் சரி என்று சொல்லாமல் அவர் ஒரு நாளும் கட்டிங் போட்டதில்லை. சொந்தச் சரக்குக்கு யாரிடமும் கேட்கவேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எழுதியவனே நான்தான். மாணவியின் வருகைப் பதிவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன்; வடிவமைப்பு யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரி எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்த நான்கு வரியைத் தமிழில் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம சரக்குதானுங்களே சார்?"

"எதிர்த்துக் கேட்கலாமே?"

"இல்லீங்க. அவரு ஆர்டரு நின்னா நாப்பது மெஷினும் நின்னுருமுங்க."

உள்ளே சாம்பிள் அறையில் புவனா பையரின் பேப்பர்படி புதிதாக ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதலில் செய்த பனியன் மேசையில் கிடந்தது, நெஞ்சில் ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர். பையர் திருப்பி அனுப்பியிருந்தார். அவருடைய பேப்பரில் உள்ளதற்கு பட்டன் இடைவெளி அரை இன்ச் ஒத்துவரவில்லையாம்.

"ஆஸ்பத்திரியில நோயாளிங்க கை கையா வெச்சுப் பாத்து நான் எடுத்த அளவு சார்" என்றாள். "இப்ப அது தப்பாம்." தலையை நிமிர்த்தவே இல்லை.

கிளம்பும்போது பழனிச்சாமி அந்தப் பனியனை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "ரிஜெக்ட் பீஸ்தானுங்க. காலேஜுல வெச்சுக்குங்க."

போகிறவர்களுக்கு: நெருப்பெரிச்சலுக்கு டவுன் பஸ் 4 ரூபாய்தான், ஆனால் எட்டரை மணிக் கூட்டத்தில் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் மூடியிருக்கும். நான் விட்ட அந்த வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள். எழுதினால் தப்பித்துவிடலாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

திட்டத்தை அடுத்த வருடமும் தொடரப்போகிறார்கள். வெளிநாட்டு பையரே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு என்று கல்லூரியில் ஏகப்பட்ட சந்தோஷம், அறிக்கை கேட்டிருக்கிறார்கள். பனியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். வடிவமைத்தவர் பெயர் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.