ரோஸ்லின் டீச்சருக்கு நான் கொடுத்த மூன்றாம் மாடி

ரோஸ்லின் டீச்சர் இறந்த செய்தி காலை ஓய்வு நேரத்தில் நம் பள்ளியின் வாட்சப் குழுவில் வந்தது. மணி அடிப்பதற்குள் முப்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். "நல்ல ஆத்மா" என்று ஒருவர் எழுதினார். "எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்" என்று இன்னொருவர். நான் எதுவும் எழுதவில்லை. டீச்சரைச் சேர்க்காமல் நாம் வைத்திருந்த இன்னொரு குழுவில், இதே ஆட்கள் சென்ற ஆண்டு என்னவெல்லாம் எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் எழுதியவன்தான்.

அவர் அன்பாகப் பழகியவர் அல்ல. ஜார்ஜ்டவுனில் நம் தமிழ்ப்பள்ளியில் பதினோரு ஆண்டுகள் அவரும் நானும் கணிதம் கற்பித்தோம். ஒருநாள்கூட ஒத்துப்போனதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் நான் நீளமாகப் பேசி உட்கார்ந்ததும், "சார் பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு. யாருக்காச்சும் புரிஞ்சிச்சா?" என்று கேட்டவர். நான் எழுதும் மலாய்க் கடிதங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, மதிப்பெண்ணும் போட்டு என் மேசையில் வைப்பார். அவரை எனக்குப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றி எழுதமாட்டேன்.

சென்ற ஆண்டு தேர்வு மேற்பார்வையில் இருந்தபோதுதான் அவருக்குத் தாடை வலித்தது, முதுகெல்லாம் வியர்த்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்து, தாள்களை வாங்கி எண்ணிக் கட்டி அலுவலகத்தில் கொடுத்த பிறகே கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மாரடைப்பு. பலூன் வைத்து அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் பொருத்தினார்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் சிலர் பழக்கூடையோடு போய்ப் பார்த்தோம். தலைமையாசிரியர் கட்டிலருகே நின்று, "ப்ளோக் எடுத்தாச்சுல்ல டீச்சர், இனி புது எஞ்சின் லா! அடுத்த மாசமே ஓடி வந்துருவீங்க" என்றார்.

"கொழாய் தொறந்துருச்சு சார். ரத்தம் போகல" என்றார் டீச்சர்.

எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். "பெரிய கொழாய் இப்ப நல்லாத்தான் இருக்கு. அதுக்கப்புறம் சதைக்குள்ள போற சின்னச் சின்னக் கொழாயிங்க அடைச்சு வீங்கிப் போச்சாம். மருந்து குடுத்துப் பாத்தாங்க, சரியா வரல. அந்தப் பக்கத்துச் சதை செத்துப் போச்சுன்னு டாக்டர் படத்துல காட்டுனாரு."

தலைமையாசிரியர் தலையாட்டிவிட்டு, இந்தப் பருவத்து டுரியான் பழ விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம்.

அவர் விடுப்பில் இருந்தபோது அவருடைய வகுப்புகளை நம் ஓய்வுப் பாடவேளைகளில் நாம் பார்த்துக்கொண்டோம். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு முடிந்து, படி ஏறக்கூடாது என்ற டாக்டர் கடிதத்தோடு திரும்பி வந்தார். கால அட்டவணை என் பொறுப்பு. அவருடைய நான்கு வகுப்புகளும் மூன்றாம் மாடியில் இருந்தன.

"என் மாமாவுக்கும் ஸ்டென்ட் வச்சாங்க டீச்சர்" என்றேன். "அடுத்த தைப்பூசத்துக்கே தண்ணீர்மலைக் கோயில்ல அத்தனை படியும் ஏறுனாரு."

"உங்க மாமாவுக்கு ரத்தம் போச்சு சார். எனக்குப் போகல. ரெண்டும் ஒண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

ஏழு வாரம் அவர் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். நம்மில் ஒருவர் அதைப் படமெடுத்து, "லிஃப்டுக்கு வெயிட்டிங்" என்று டீச்சர் இல்லாத அந்தக் குழுவில் போட்டார். நான் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன். எட்டுப் பேர் போட்டோம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசியில் அவர் கல்வி இலாகாவுக்கு எழுதினார். அதிகாரி ஒருவர் வந்தார். தலைமையாசிரியர் முகம் வெளுத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். நான் உட்கார்ந்து நான்கு வகுப்புகளையும் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். மறுநாள் டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு சார்?"

"இருவது நிமிஷம்."

"ஏழு வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படிதான் அவரைக் கொன்றது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருதயம் முதல் நாளிலிருந்தே பலவீனம்தான் என்று டாக்டர் சொன்னதாக அவருடைய தம்பி சொன்னார். அதைக் கேட்டு நம்மில் சிலருக்கு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அந்த நிம்மதி எனக்கு அருவருப்பாக இருந்தது. மிச்சமிருந்த கொஞ்சப் பலத்தை மாடிப்படியில் செலவழிக்க வைத்தது நாம்தானே.

போன மாதம் அவர் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தபோது தனியாகப் போனேன். கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத் தொடங்கினேன். "டீச்சர், அன்னிக்கு அந்த கிளாஸ் விஷயத்துல நான்..."

அவர் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். "போங்க சார். எனக்கே மூச்சு பத்தல. உங்களுக்கு ஆறுதல் சொல்ல மூச்சுக்கு எங்க போவேன்?"

போய்விட்டேன்.

தேவாலயத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, டீச்சரின் சிரித்த முகத்தை மறக்க முடியாது என்றார் தலைமையாசிரியர். நம் பள்ளியில் அந்த முகம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடைசி ஓராண்டில் சிரிக்க அவருக்கு நாம் காரணம் எதுவும் கொடுக்கவும் இல்லை.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டீர்கள். இதுதான் அது. வேண்டாமென்றால் போடாதீர்கள். அவர் மன்னித்திருப்பார் என்று சொல்லிக்கொண்டு மட்டும் யாரும் என்னிடம் வரவேண்டாம். அவர் மன்னிக்கவில்லை. நான் கேட்கப் போனபோது வெளியே அனுப்பினார். அவர் என்மேல் கொண்ட கோபம் நியாயமானது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை ஆறவிடாமல் வைத்துக்கொள்கிறேன்.