நீலப்பூ டைல்ஸில் ஒரு கைப்பிடி

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில், குழாய்க்குச் சற்று மேலே, ஓர் எவர்சில்வர் கைப்பிடி இருக்கிறது. திருகுகளைச் சுற்றி டைல்ஸில் மயிரிழைக் கீறல்கூட இல்லை. வருகிறவர்கள் வேலை சுத்தம் என்று பாராட்டுவார்கள். அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார். ஓட்டை விழுந்த பீஸ் கப்பல் ஏறாது. அந்தக் கண்ணோடுதான் அவர் வீட்டுக்கும் வருவார். தொண்ணூறுகளில் நாங்கள் வீடு கட்டியபோது, எங்கள் வீதியிலேயே முதலில் டைல்ஸ் ஒட்டியது எங்கள் குளியலறையில்தான். கடையில் கடைசி ஸ்டாக்காகக் கிடந்த நீலப்பூ டைல்ஸ். மாற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. சோப்புப்பெட்டி மாட்டக்கூட அப்பா அதில் ஆணி அடிக்க விட்டதில்லை.

பிறகு அம்மாவுக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. குளித்துவிட்டு எழும்போது குழாயைப் பிடித்துக்கொள்வாள். குழாய் ஆடத் தொடங்கியதும், சுவரில் கைப்பிடி வைக்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். என் பேச்சை அப்பா பெரும்பாலும் தட்டமாட்டார். இதில் மட்டும் அசையவில்லை. பக்கத்து ஊர் மங்கலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் துளை போடப்போய் டைல்ஸ் மூலைக்கு மூலை வெடித்ததை அவர் பார்த்திருந்தார்.

"வெடிக்காதுன்னு எழுதிக் குடுப்பியா கண்ணு? ஓட்டை போட்டா பீஸே ரிஜெக்ட்டு."

அம்மா சிரித்துவிட்டாள். "ஏனுங்க, நான் ரிஜெக்ட்டானாப் பரவால்லீங்களா?"

"சும்மா இரு புள்ள. அந்த டிசைன் இனி வராது."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. தினமும் அம்மாவுக்கு வெந்நீர் விளாவி வைப்பார். உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்ததும் அவர்தான். ஒரு காலையில் அந்த ஸ்டூல் வழுக்கி, அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்ததும், வாக்கரோடு வீட்டுக்குப் போகலாம், குளியலறையில் பிடிமானம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றே அப்பா டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கி வந்தார். அடித்துக் குடையும் ஹேமர் விசையை அணைத்து வைத்தால் டைல்ஸ் வெடிக்காது என்று மிஷின் கொடுத்தவர் சொல்லியிருந்தார். முனை வழுக்காமலிருக்க, துளை போட வேண்டிய இடங்களில் சட்டைப்பையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர்களை ஒட்டினார். அவற்றின்மேல் ஆணியால் லேசாகப் பொட்டு வைத்தார். மிஷினை மெதுவாக ஓட்டி, நிறுத்தி, முனையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, மறுபடி ஓட்டினார். டைல்ஸின் வழவழப்பான மேற்பூச்சு மட்டும் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. அதைத் தாண்டியதும் செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. கடைசித் துளையும் முடிந்தபோது விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவுதானா கண்ணு இது?" என்றார்.

கைப்பிடியை மாட்டினோம். அவர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். ஆடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, "வெடிக்கலீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். படுத்தே கிடந்ததில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவள் வீடு திரும்பவில்லை.

இப்போது அப்பாவுக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. குளித்துவிட்டு எழும்போது ஈரச்சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தடுமாறுகிறார். கைப்பிடி ஒரு முழத்தில்தான் இருக்கிறது. எத்தனை சொல்லியும் தொடமாட்டார். போன வாரம் மறதியாக என் துண்டை அதில் போட்டுவிட்டேன். எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கொடியில போடு கண்ணு. அது உங்கம்மாளுது."