புதன்கிழமைச் சங்கு

சர்க்கரை பார்க்கப் போனாலும் சாகப் போகிறவன் முகத்தோடு போவது என் வழக்கம். காரைக்கால் ஆஸ்பத்திரியில் அன்று பக்கத்தில் இருந்தவர் காதுகளில் பஞ்சு வைத்திருந்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அபாயச் சங்கு ஊதுகிறவர். ஆலைத் தீயில் வெந்த அவருடைய தம்பி உள்ளே நினைவில்லாமல் கிடந்தான்.

"சங்கு ஊதலையாங்க?" என்று கத்திக் கேட்டேன்.

"உடனே ஊதினேங்க. அன்னிக்குப் புதன்கிழமை. வாராவாரம் ஒத்திகைக்கு ஊதுற நாளு. அதுதானேன்னு தம்பி சோத்தை விட்டு எழுந்திருக்கல."

உலகத்துக்கே புத்தி சொல்லி எழுதுகிற நான், கையிலிருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்தேன்.

"கண்ணு முழிச்சான்னா, நான் ஊதவே இல்லன்னு சொல்லிடப்போறேன். என்னைத் திட்டட்டும். தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்க வேணாம்."

மாத்திரை வாங்கித் திரும்பியபோது அவர் இருக்கையில் இல்லை. வார்டு வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்குக் கொடுத்துவைத்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.